சாம்பல் ஆணிடம் இருந்த மஞ்சள்

காக்கட்டீல் என்னும் சிறு கொண்டைக் கிளியில், பறவைக் கடைகளில் லுட்டினோ என்று சொல்லப்படும் மஞ்சள் வகை எப்போதும் பெட்டையாகத்தான் இருக்கும் என்பது பினாங்கின் பாகான் டாலாமில் வசிக்கும் என் பெரியப்பாவின் நெடுநாள் தீர்ப்பு. கேட்பவர்கள் பெரும்பாலும் தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். என்னால் அப்படிப் போக முடியவில்லை. காரணம், அவர் எதையும் வாய்க்கு வந்தபடி சொல்பவர் அல்லர். துறைமுகத்தில் சரக்குக் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். எழுத்தில் இருந்தால்தான் ஒன்றை நம்புவார். வீட்டின் பின்புறக் கம்பிவலைக் கூண்டுகளில் உள்ள ஒவ்வொரு சோடிக்கும் அவருடைய நோட்டுப் புத்தகத்தில் ஒரு பக்கம் உண்டு. முட்டையிட்ட நாள், பொரித்த நாள், குஞ்சின் கண் நிறம், இறகு நிறம், வளர்ந்த பிறகு ஆணா பெட்டையா என்பது வரை எல்லாம் கட்டம் கட்டி எழுதப்பட்டிருக்கும். அந்தக் கடைசிக் கட்டத்தை அவர் ஊகத்தால் நிரப்புவதில்லை. முட்டையிட்டால் பெட்டை, சீட்டியடித்து இணையைச் சுற்றி வந்தால் ஆண், இரண்டும் தெரியாதவரை அந்த இடம் வெற்றாகவே இருக்கும்.

அவருடைய தீர்ப்பு பிறந்தது ஒரே ஒரு சோடியின் பக்கத்திலிருந்து. ஆணும் பெட்டையும் சாதாரணச் சாம்பல் நிறம். அவற்றின் சாம்பல் குஞ்சுகளில் ஆணும் இருந்தன, பெட்டையும் இருந்தன. அவ்வப்போது மஞ்சள் குஞ்சும் பிறந்தது. பிறந்த மஞ்சள் எல்லாம் பெட்டை; விலக்கு ஒன்றுகூட இல்லை. "மயிலுக்குத் தோகை ஆணுக்கு மட்டும்தானே? இதுக்கு மஞ்சள் பொட்டைக்கு மட்டும். இதுல என்னம்மா அதிசயம்?" என்பார் பெரியப்பா.

நான் ஆறாம் படிவ மாணவர்களுக்கு உயிரியல் கற்பிப்பவள். மஞ்சள் ஆண் காக்கட்டீல் உலகில் உண்டு என்பது எனக்குத் தெரியும். அதைச் சொல்லி அவரை மறுப்பதும் எளிது. ஆனால் அந்த மறுப்பால் அவருடைய பக்கத்தில் எழுதியிருந்த எதுவும் பொய்யாகிவிடாது. இத்தனை ஒழுங்காக ஒரு நிறம் ஒரு பாலிலேயே வந்து விழுந்தால் அதற்குக் காரணம் ஒன்று இருந்தாக வேண்டும். அவர் கண்டது முழுக்கச் சரி, அதிலிருந்து எட்டிய முடிவு மட்டும் தவறு என்னும் நிலை, முழுத் தவறைவிடப் பேசித் தீர்ப்பதற்குக் கடினமானது. 'மஞ்சள் பெட்டைக்கு உரியது' என்பதற்கும் 'மஞ்சள் பெட்டையிடம் எளிதில் வெளிப்படுகிறது' என்பதற்கும் நடுவில் உள்ள தூரத்தை அவருக்கு எப்படிக் காட்டுவது என்பதுதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்ட கேள்வி.

பெட்டையிடம் ஒன்றுதான் உண்டு

மனிதர்களில் பெண்ணுக்கு இரண்டு எக்ஸ், ஆணுக்கு ஓர் எக்ஸும் ஓர் ஒய்யும் என்பது பள்ளியிலேயே படித்தது. பறவைகளில் இது தலைகீழ். ஆணுக்கு இரண்டு இசட் குரோமோசோம்கள். பெட்டைக்கு ஓர் இசட்டும், மரபணுக்கள் மிகக் குறைவான ஒரு டபிள்யூவும். எனவே ஆண் தரும் விந்து எப்போதும் இசட்டையே கொண்டிருக்கும். முட்டையில் அமைவது இசட்டா டபிள்யூவா என்பதைப் பொறுத்தே குஞ்சின் பால் அமையும். பறவைகளில் பாலைத் தீர்மானிப்பது தாய்தான். பெண்ணாகவே பெறுகிறாள் என்று மருமகளைக் குறை சொல்லும் மாமியார்கள் கோழி இனத்தில் பிறந்திருந்தால் அறிவியல் அவர்கள் பக்கம் நின்றிருக்கும்.

லுட்டினோவுக்குக் காரணமான மரபணு இந்த இசட்டின் மேல் இருக்கிறது. அது சரியாக வேலை செய்தால் இறகில் மெலனின் என்னும் கருநிறமி உண்டாகிச் சாம்பல் நிறம் வருகிறது. பழுதுபட்டால் கருமை போய், அடியிலிருந்த மஞ்சளும் கன்னத்து ஆரஞ்சும் மட்டும் மிஞ்சுகின்றன, கண் சிவந்து தெரிகிறது. வேலை செய்யும் பிரதி ஒன்று இருந்தாலே சாம்பலுக்குப் போதும். கதவுக்கு இரண்டு சாவி வைத்திருப்பவர் ஒன்றைத் தொலைத்தாலும் வெளியே நிற்க வேண்டியதில்லை. ஒரே சாவி வைத்திருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. ஆண் காக்கட்டீல் பழுதுபட்ட பிரதி ஒன்றைச் சுமந்துகொண்டே முழுச் சாம்பலாகத் திரியலாம். இத்தகைய ஆணைத்தான் வளர்ப்பவர்கள் ஸ்பிலிட் என்கிறார்கள். பெட்டைக்கு இருப்பது ஒரே இசட். அதில் பழுது இருந்தால் அவள் மஞ்சள், இல்லையென்றால் சாம்பல், இடைப்பட்ட நிலை கிடையாது.

பெரியப்பாவின் சோடியில் ஆண் ஸ்பிலிட், பெட்டை வெறும் சாம்பல். மகன்கள் எல்லாருக்கும் தாயிடமிருந்து நல்ல இசட் ஒன்று கட்டாயம் வந்துவிடுவதால் அவர்கள் மஞ்சளாக வழியே இல்லை. மகள்களுக்குத் தாயிடமிருந்து கிடைப்பது டபிள்யூ மட்டும். தந்தையின் எந்த இசட் வருகிறதோ அதுவே அவர்கள் நிறம். ஆகவே மகள்களில் ஏறத்தாழப் பாதி மஞ்சள், மகன்களில் ஒன்றும் இல்லை. அந்தச் சோடி ஆயிரம் குஞ்சு பொரித்திருந்தாலும் அவர் எட்டிய முடிவு அதேதான். ஒரே சோடியைப் பார்த்துக்கொண்டிருக்கும் வரை அதிலிருந்து வெளியே வர அவருக்கு வாசல் இல்லை.

அவருக்கு அந்தச் சோடியை விற்ற கடைக்காரர், "ரெண்டும் ஸ்பிலிட் லுட்டினோ" என்று சொல்லிக் கூடுதல் விலை வாங்கியிருந்தார். ஸ்பிலிட் பெட்டை என்ற ஒன்று லுட்டினோவில் இருக்கவே முடியாது. அறியாமையால் சொன்னாரா, அறிந்தே சொன்னாரா என்பது அவருக்கே வெளிச்சம். ஆனால் இந்த விற்பனைப் பேச்சை நான் பினாங்கில் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறேன். பணம் கொடுப்பதற்கு முன் மேலே சொன்ன ஒரு பத்தியைத் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

வளர்ப்பவர்கள் முதலில் கண்டு, ஆய்வாளர்கள் பிறகு வந்து காரணம் தேடியது இந்தத் துறையில் புதிதல்ல. இங்கிலாந்தில் லெனர்ட் டான்காஸ்டரும் பாதிரியார் ரேனரும் 1906இல் ஓர் அந்துப்பூச்சியின் வெளிறிய வகை பெண்களோடு ஒட்டிக்கொண்டு வருவதை ஆராய்ந்து எழுதினார்கள். 1908இல் ஃபுளோரன்ஸ் டர்ஹமும் டொரோதியா மேரியட்டும் சின்னமன் கேனரிகளில் அதே போக்கைக் காட்டினார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவின் ஸ்பில்மன் பிளிமத் ராக் கோழியின் வரியிறகு பற்றி எழுதினார். பிறகு 1910இல் தாமஸ் ஹன்ட் மோர்கன் வெள்ளைக் கண் பழ ஈயோடு வந்தபோது எல்லாம் எதிராக இருந்தது. ஈயில் பழுது ஆணிடம் வெளிப்பட்டது. பூச்சியும் பறவையும் சொன்னதை ஈ மறுப்பதுபோல் தோன்றியது. உண்மையில் மூன்றும் சொன்னது ஒன்றுதான்: ஒற்றைப் பிரதி எந்தப் பாலிடம் இருக்கிறதோ அங்கே மறைவு இல்லை. பாடநூல்கள் மோர்கனிலிருந்து தொடங்குவதால் நம் பிள்ளைகள் ஈயை விதி என்றும் பறவையை விதிவிலக்கு என்றும் நினைத்துக்கொள்கிறார்கள். எனக்கு இது எப்போதும் உறுத்தலாகவே இருக்கிறது. காலக் கணக்கில் பறவை முந்தியது.

மகளை விட்டு மகனை வைத்துக்கொண்டது

இதையெல்லாம் பெரியப்பாவிடம் தாளில் வரைந்து காட்டினேன். மரியாதைக்காகக் கேட்டார், ஏற்கவில்லை. தாளில் வரைவதை யார் வேண்டுமானாலும் வரையலாம் என்பது அவர் நிலைப்பாடு. கணக்கு எழுதிப் பழகிய மனிதரிடம் அது நியாயமான நிலைப்பாடும்கூட.

விஷயம் அசைந்தது அவருடைய ஒரு மனவருத்தத்தால். மஞ்சள் பெட்டை ஒன்றை, புக்கிட் மெர்தாஜாமிலிருந்து வாங்கி வந்த வேறொரு சாம்பல் ஆணோடு சேர்த்திருந்தார். நிறைய மஞ்சள் குஞ்சுகள் வரும் என்று காத்திருந்தார். பொரித்த குஞ்சுகள் அத்தனையும் சாம்பல். அடுத்த ஈட்டிலும் சாம்பல். "நிறம் செத்துப்போச்சும்மா" என்று சொல்லி, அந்தக் குஞ்சுகளைக் கேட்பவர்களுக்குக் கொடுத்துவிட முடிவு செய்தார். ஒன்றிரண்டையாவது வைத்துக்கொள்ளச் சொன்னேன். சரி என்றவர், "பொட்டையா பார்த்து ஒண்ணு வச்சுக்கறேன், பொட்டையோட நிறம் பொட்டைக்குத்தானே போகும்?" என்றார்.

நாங்கள் இருவரும் அதுவரை ஒரே பக்கத்தை வெவ்வேறாகப் படித்துக்கொண்டிருந்தோம். இரண்டு விளக்கங்களும் முதன்முறையாக வெவ்வேறு எதிர்காலத்தைச் சொன்ன இடம் அவருடைய இந்த வாக்கியம்தான். மஞ்சள் பெட்டைகளின் உடைமை என்றால் அது மகளிடம் ஒளிந்திருக்க வேண்டும். இசட்டில் இருக்கிறது என்றால், மஞ்சள் தாய் தன் ஒரே இசட்டை மகன்களுக்கு மட்டுமே கொடுத்திருப்பாள். மகள்களுக்கு அவளிடமிருந்து போனது டபிள்யூ. அப்படியானால் மகன் ஒவ்வொருவனும் மஞ்சளைச் சுமப்பவன், மகள்களில் ஒருத்தியும் சுமப்பவள் அல்ல. ஒரு மகனையும் ஒரு மகளையும் வைத்துக்கொண்டு, இருவருக்கும் உறவில்லாத சாம்பல் இணைகளைத் தேடினோம். மகளுக்குப் பார்த்த ஆணின் வழியில் மஞ்சள் தலைகாட்டியதற்கான சுவடு புத்தகத்தில் இல்லை என்பதை உறுதி செய்துகொண்ட பிறகே சேர்த்தோம். அந்த ஆண் ஸ்பிலிட்டாக இருந்திருந்தால் சோதனையே வீண்.

காக்கட்டீல் ஒரு வயதை ஒட்டித்தான் இணை சேரத் தயாராகும். அவசரப்படுத்த முடியாது. மகனின் கூட்டில் முட்டை பொரித்தபோது பெரியப்பாவே அழைத்தார். லுட்டினோ குஞ்சை இறகு வரும்வரை காத்திருந்து அறிய வேண்டியதில்லை. இமை திறக்காதபோதே உள்ளிருக்கும் கண் கருப்பாகத் தெரிகிறதா, சிவப்பாகத் தெரிகிறதா என்று பார்த்துவிடலாம். ஒரு குஞ்சின் கண் சிவந்திருந்தது. மகளின் கூட்டில் எத்தனை ஈடு பொரித்தும் கருங்கண்தான். பாட்டியின் நிறம் மகனுக்குள் கண்ணுக்குப் படாமல் இருந்து பேத்தியிடம் வெளியே வந்திருந்தது. பெரியப்பா அந்தச் சாம்பல் ஆணை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அப்ப இத்தனை நாளும் இவன் ஒண்ணும் தெரியாத மாதிரி உக்காந்திருந்தானா?" என்றார்.

மஞ்சள் ஆண் வருவதற்கு அதன் பிறகு அதிகம் தேவைப்படவில்லை. அதே மகனை, வெளியிலிருந்து வாங்கிய மஞ்சள் பெட்டையோடு மறு பருவத்தில் சேர்த்தோம். இந்தச் சேர்க்கையில் மகன்களிலும் பாதி, மகள்களிலும் பாதி மஞ்சளாக வரலாம். இளம் லுட்டினோவில் ஆண் பெட்டை பார்த்துச் சொல்வது கடினம்; வளர்ந்த பெட்டையிலும் வால் அடியிறகில் இருக்கும் மங்கலான கோடுகளை வெயிலில் தூக்கிப் பிடித்தால்தான் காணலாம். எனவே இறகு பிடுங்கி ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினோம். சிஎச்டி1 என்னும் மரபணு இசட்டிலும் உண்டு, டபிள்யூவிலும் உண்டு, நீளம் மட்டும் சற்று வேறுபடும். ஆணில் ஒரு பட்டையும் பெட்டையில் இரண்டு பட்டைகளும் தெரியும். ஒரு பட்டை காட்டிய மஞ்சள் குஞ்சு ஒன்று வந்தது. தீர்ப்பு மாறியது. அவர் அதைச் சொல்லவில்லை, ஆனால் ஆண் என்று எழுதிவிட்டு அடிக்கோடு போட்டார்.

எங்கள் வீட்டு எக்ஸ்

இவை நடந்த காலத்தில்தான் என் தங்கைக்கு மகன் பிறந்தான். மலேசிய மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி இரத்தத்தில் செய்யும் பரிசோதனையில் அவனுக்கு, சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்னும் நொதியில் குறைபாடு என்று தெரிந்தது. அந்துருண்டையை அலமாரியிலிருந்து அகற்றுவது, ஃபாவா அவரையைத் தவிர்ப்பது, மருந்து எதுவானாலும் முதலில் சொல்லிவிடுவது என்று வாழப் பழகிவிட்டால் பெரும்பாலானோருக்கு அது பெரிய இடைஞ்சல் இல்லை. இடைஞ்சலாக இருந்தது, "இது அம்மா வழியில வர்றதாமே" என்று அவளுடைய புகுந்த வீட்டில் சொல்லிச் சொல்லிக் காட்டியதுதான். செய்தி உண்மை. ஆண் குழந்தைக்குத் தந்தை கொடுப்பது ஒய். அந்த எக்ஸ் தாயிடமிருந்துதான் வந்தாக வேண்டும். ஆனால் அவளிடம் அது எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. எங்கள் அம்மாவின் அப்பா தோட்டத்தில் வேலை செய்த காலத்தில் மலேரியா மாத்திரை சாப்பிட்டதும் சிறுநீர் கறுத்து உடம்பு மஞ்சளாகிப் படுத்துவிட்டார் என்று வீட்டில் ஒரு கதை உண்டு. பிரைமகுவின் போன்ற மலேரியா மருந்துகள் இந்தக் குறைபாடு உள்ளவர்களின் சிவப்பணுக்களைச் சிதைத்து இதையே செய்யும். அது அதுவாகவே இருந்திருந்தால், தாத்தாவின் எக்ஸ் எங்கள் அம்மாவுக்குக் கட்டாயம் வந்திருக்கும், தங்கைக்குப் பாதி வாய்ப்பில் வந்திருக்கிறது, எனக்கும் அதே பாதி வாய்ப்பு உண்டு. பாட்டியிடமிருந்து மகன் வழியாகப் பேத்திக்குச் சென்ற காக்கட்டீல் மஞ்சளை வைத்துப் பார்த்தால், பால்களை மட்டும் இடம் மாற்றிய அதே பாதை.

ஒரு வேறுபாட்டை இங்கே விட்டுவிடக் கூடாது. மனிதப் பெண்ணின் ஒவ்வோர் உயிரணுவிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அடக்கி வைக்கப்படுகிறது; மேரி லயன் 1961இல் முன்வைத்த கருத்து இது. எது அடங்குவது என்பது உயிரணுவுக்கு உயிரணு மாறுவதால், சுமக்கும் பெண்களிடமும் சில வேளைகளில் ஜி6பிடி அளவு குறைந்து காணப்படும். பறவை ஆண் தன் இசட்டை இப்படி மொத்தமாக அடக்குவதில்லை. இரண்டு இசட்டும் வேலை செய்கின்றன, பல மரபணுக்களின் விளைபொருள் ஆணில் கூடுதலாகவே இருக்கிறது. ஆணாக வளர்வதே அந்தக் கூடுதலால்தான்: டிஎம்ஆர்டி1 என்னும் மரபணுவின் இரட்டை அளவு விரைக்கு வழி செய்கிறது என்று கோழிகளில் 2009இல் காட்டினார்கள். இரண்டு இசட்டும் வேலை செய்வதால்தான் ஸ்பிலிட் ஆணின் உடலில் மஞ்சள் திட்டுகள் தெரிவதில்லை.

இசட்டின் இந்தக் கணக்கு பறவைப் பிரியர்களின் பொழுதுபோக்கோடு நின்றுவிடவில்லை. காலையில் நாம் உடைக்கும் பழுப்பு முட்டையின் பின்னாலும் அது இருக்கிறது. பழுப்பு முட்டைக் கோழி இனங்கள் பலவற்றில் பொன்னிற ஆணையும் வெளிர்நிறப் பெட்டையையும் சேர்க்கிறார்கள். மகள்கள் தந்தையைப் போல் பொன்னிறம், மகன்கள் தாயைப் போல் வெளிர்நிறம். பொரித்த அன்றே நிறம் பார்த்துப் பிரித்துவிடலாம். பிரிக்கப்பட்ட சேவல் குஞ்சுகளுக்குப் பண்ணையில் வேலை இல்லை, அவற்றின் வாழ்வு பெரும்பாலும் அன்றே முடிந்துவிடும். கோழியில் அந்த வெளிர்நிறத்துக்குக் காரணமான மரபணு எஸ்எல்சி45ஏ2. மனிதர்களில் அதே மரபணு பால் குரோமோசோமில் இல்லை, ஐந்தாம் குரோமோசோமில் இருக்கிறது; அது பழுதானால் வரும் வெண்தோல் குறை ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோல் வரும். ஒரு மரபணு பாலோடு ஒட்டிப் போவது அது செய்யும் வேலையால் அல்ல, அது உட்கார்ந்திருக்கும் இடத்தால்.

முத்து இறகு

பெரியப்பாவின் மயில் உவமையை நான் எளிதாக ஒதுக்கிவிடவில்லை; அதிலும் ஒரு உண்மை இருக்கிறது, லுட்டினோவுக்குத்தான் அது பொருந்தாது. மயில், கோழி போன்றவற்றில் பெட்டையின் எளிய இறகுக்குக் காரணம் அவளுடைய ஈஸ்ட்ரோஜன். முதுமையிலோ நோயிலோ சூலகம் ஓய்ந்துபோனால் பெட்டைக்கும் ஆண் இறகு முளைப்பதுண்டு. அத்தகைய ஃபெசன்ட் பறவையைப் பற்றி ஜான் ஹன்டர் 1780இலேயே எழுதியிருக்கிறார். தோகைக்கான மரபணு இரு பாலிடமும் இருக்கிறது, சுரப்பி அனுமதிக்கும் இடத்தில் வெளிப்படுகிறது. லுட்டினோவுக்குச் சுரப்பியோடு தொடர்பே இல்லை.

இரண்டும் ஒரே பறவையில் சேர்ந்து வரும்போது குழப்பம் உச்சத்துக்குப் போகிறது. சாம்பல் இறகில் மஞ்சள் முத்து பதித்ததுபோல் இருக்கும் பெர்ல் காக்கட்டீல் அப்படிப்பட்டது. பெர்லும் இசட்டின் மேல்தான். ஆனால் பெர்ல் ஆண் பெரும்பாலும் முதல் இறகுதிர்ப்போடு தன் முத்துகளை இழந்து சாம்பலாகிவிடும். பெட்டை வாழ்நாள் முழுவதும் வைத்திருப்பாள். வளர்ந்த பெர்ல் எல்லாம் பெட்டை என்று ஒருவர் சொன்னால் கூண்டில் அதை மறுக்க ஒரு பறவை கிடைப்பது அரிது. இங்கே மகன்களிடம் வராததற்கு இசட் ஒரு காரணம், வந்தும் நிலைக்காததற்குச் சுரப்பி வேறு காரணம். குஞ்சுப் பருவத்தில் எழுதி வைத்த நோட்டுப் புத்தகம் இல்லாமல் இந்த இரண்டையும் பிரிக்கவே முடியாது. இங்கே பெரியப்பாவின் பழக்கம் என் படிப்பைவிடப் பெரிய துணை.

இப்போது அவருக்கு லுட்டினோவும் பெர்லும் ஒன்றாக உள்ள பறவை வேண்டும். பெர்ல் ஆண் ஒன்றையும் மஞ்சள் பெட்டை ஒன்றையும் சேர்த்திருக்கிறார். மகள்கள் எல்லாம் பெர்லாகவும், மகன்கள் எல்லாம் வெறும் சாம்பலாகவும் வந்திருக்கிறார்கள். அந்தச் சாம்பல் மகன்களில்தான் எங்கள் நம்பிக்கை. அவர்களுடைய ஒரு இசட்டில் லுட்டினோ, இன்னொன்றில் பெர்ல். இரண்டும் ஒரே இசட்டுக்கு வர வேண்டுமென்றால், விந்து உருவாகும்போது இரண்டு இசட்டும் துண்டு மாற்றிக்கொள்ள வேண்டும். அது ஆணின் உடலில் மட்டுமே நடக்கக்கூடியது. பெட்டையிடம் இருப்பது ஒரே இசட் என்பதால், டபிள்யூவோடு பொருந்தும் சிறு முனை தவிர, அதை வாங்கியபடியே மகனுக்குக் கைமாற்றுகிறாள். இரு மரபணுக்களும் குரோமோசோமில் எவ்வளவு தள்ளி இருக்கின்றனவோ அவ்வளவுக்கு அந்த மாற்றம் அடிக்கடி நடக்கும்; நெருங்கியிருந்தால் நிறையக் குஞ்சு பொரிக்க வேண்டியிருக்கும். மூன்று மகன்களையும் வைத்துக்கொள்ளலாம் என்கிறார் பெரியப்பா. பின்புறத்தில் துணி காயப்போட இடமில்லை, பழைய சோடிகளில் ஒன்றையாவது விற்றுவிட்டுப் பிறகு பேசுங்கள் என்கிறார் பெரியம்மா.